ஹார்ட்வேர் கையேட்டிலிருந்து ‘ஆதரவு’ என்ற சொல்லை எடுத்தது

“உங்கள் கம்பியில்லா அட்டை ஆதரிக்கப்படும் வன்பொருள் பட்டியலில் இருப்பின் இயக்கி நிறுவப்பட வேண்டும்; தேவைப்படின் நிலைபொருளும் ஏற்றப்பட வேண்டும்.”

இந்த வாக்கியத்தை நான்கு வருசத்துக்கு முன்னால் எழுதியவன் நான்தான். டெபியன் என்ற பெரிய லினக்ஸ் தொகுப்பை அடியாகக் கொண்டு வரும் ஒரு சின்ன லினக்ஸ் விநியோகத்தின் (அதாவது, நிறுவத் தயாராகக் கட்டித் தரும் லினக்ஸ் தொகுப்பின்) தமிழ்க் கையேட்டில், எந்த ஹார்ட்வேர் ஓடும், எது ஓடாது என்று சொல்லும் அத்தியாயம் அப்போது என் பங்குக்கு வந்தது. கடையைச் சாத்திவிட்டு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முடித்தேன். ஆங்கில மூலத்தில் இருந்த ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. சரிபார்த்தவரும் ஒரு திருத்தம்கூடச் சொல்லவில்லை. இந்தத் தை மாதம் அந்த அத்தியாயம் முழுவதையும் பிரித்துப்போட்டு மறுபடி எழுதினேன். என்ன செய்தேன், எங்கே சறுக்கியது என்று இங்கே குறித்து வைக்கிறேன்.

பல்லடத்தில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. தறிக்கூடம், நூல் கமிஷன் கடை, கோழிப்பண்ணை ஆபீஸ் என்று சுற்றுவட்டாரத்தில் கணக்கு எழுதும் இடத்திலெல்லாம் பத்துப் பன்னிரண்டு வருசத்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இந்த மெஷின்களில் அது கிடையாது. மெஷினைத் தூக்கிப் போட மனசு வராதவர்களுக்கு லினக்ஸ் போட்டுத் தருகிறேன்.

காரணம்பேட்டைக்கு அக்கட்ட ஒரு தறிக்கூடத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். எத்தனை பாவு இறங்கியது, எத்தனை மீட்டர் துணி போனது, கூலி எவ்வளவு வரவேண்டியது என்று எல்லாம் அவர் விரல் நுனியில். பொங்கல் நோம்பிக்குத் தறி நிறுத்திய நாலு நாளில், என் கையேட்டை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு தானே ஓஎஸ் போட உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் போன் வந்தது.

“தம்பி, ஒண்ணு கேக்கோணும். விண்டோசுக்கு ஆதரவு முடிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க, அது இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது. இந்த வைஃபை குச்சிக்கு ஆதரவு இருக்குதுன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்குது, இது ஓட மாட்டீங்குது. அப்ப ஆதரவுன்னா என்னங்?”

அவர் கேட்டதில் ஒரு எழுத்துத் தப்பு இல்லை. விண்டோஸ் விஷயத்தில் ஆதரவு என்றால் இனி அப்டேட் வரும், வராது என்று பொருள். வைஃபை விஷயத்தில் அந்தச் சிப்புக்கு டிரைவர், அதாவது அதை ஓட்டும் மென்பொருள், எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் பொருள். பிரிண்டர் பக்கத்தில் அதே சொல்லை ‘யாரோ ஒருவர் ஓட்டிப் பார்த்தார்’ என்ற அர்த்தத்தில் போட்டிருந்தேன். இன்னொரு இடத்தில் ‘கெட்டுப்போனால் எங்களுக்கு எழுதுங்கள், சரி செய்து தருவோம்’ என்பதற்கும் அதுவே. ஆங்கிலத்தில் ஒரே சொல் இருந்தது, நானும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டேன். நம் பேச்சில் ஆதரவு என்றால் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். அக்கா அந்த ஆளைத்தான் தேடியிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். கையேட்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டே, படிக்கிறபடியே செய்யச் சொன்னேன். தரவு போய்விடும் என்ற இடம் தவிர வேறெங்கும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எழுதியவனுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் சுலபமாக இல்லை.

முதல் பக்கத்திலேயே நின்றார். இறக்கக் கிடைக்கும் கோப்பு இரண்டு, ஒன்றைத் தேர வேண்டும்: 64 பிட்டுக்கு ஏஎம்டி64, 32 பிட்டுக்கு ஐ386. அவர் மெஷினில் இன்டெல் ஸ்டிக்கர். ஏஎம்டி வேறு கம்பெனி, ஐ என்றால் இன்டெல்தானே என்று ஐ386-ஐ எடுத்திருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுப்பார்கள். பழைய 32 பிட் வழியை 64 பிட்டுக்கு நீட்டியது ஏஎம்டி. 2003-இல் ஆப்டெரான் பிராசசரில் கொண்டுவந்தது. அடுத்த வருசம் இன்டெல்லும் அதே முறையை எடுத்துக்கொண்டது. இன்டெல் சொந்தமாகச் செய்த 64 பிட் என்பது இட்டானியம், அது முற்றிலும் வேறு. ஆகவே டெபியன் ஏஎம்டி64 என்கிறது, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எக்ஸ்86_64 என்கிறது, மைக்ரோசாஃப்ட் எக்ஸ்64 என்கிறது, மூன்றும் ஒன்றேதான். 32 பிட்டில் போட்டாலும் இன்றைக்கு ஓடும். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் ஐ386-க்கு இன்ஸ்டாலரே கிடையாது, அதனால் அடுத்த பதிப்புக்குப் போகும்போது மாட்டிக்கொள்வார்.

என் கையேட்டில் இருந்தது: “ஏஎம்டி64 கட்டமைப்பு ஆதரிக்கப்படுகிறது.” இப்போது இருப்பது: “மெஷின்மேல் இன்டெல் ஸ்டிக்கர் இருந்தாலும் சரி, ஏஎம்டி ஸ்டிக்கர் இருந்தாலும் சரி, ஏஎம்டி64 என்ற கோப்பை எடுங்கள். ஆட்டம் பிராசசர் போட்ட பழைய நெட்புக் சிலவற்றில் மட்டும் இது துவங்காது, அப்போது ஐ386.” பெயர் வந்த கதையை ஒரே வரியில் கீழே வைத்தேன். அதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். காரணம் தெரியாவிட்டால் ஸ்டிக்கரை நம்புவார்களே தவிர என்னை நம்ப மாட்டார்கள் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

அடுத்தது டிஸ்க். “முழு வட்டையும் பயன்படுத்து என்பதைத் தேர்ந்தால் அதிலுள்ள தரவு அழியலாம்” என்று படித்துவிட்டு, அக்கா மவுசை அந்தப் பொத்தான்மேல் கொண்டுபோனார். கையைப் பிடித்து நிறுத்தாத குறைதான். டி டிரைவில் மூன்று வருசத்து கூலிக் கணக்கு இருந்தது.

“அழியலாம்னுதானுங் போட்டிருக்குது? அழியாமயும் போலாம்ல?”

தமிழில் ‘லாம்’ இரண்டு வேலை செய்கிறது. வரலாம் என்றால் வர அனுமதி உண்டு என்றும் இருக்கும், ஒருவேளை வரும் என்றும் இருக்கும். அழியலாம் என்று எழுதிய அன்று ஆங்கிலத்தின் மரியாதையான எச்சரிக்கைத் தொனியை நான் அப்படியே கொண்டுவந்திருந்தேன். முழு டிஸ்க்கை எடுத்தால் தரவு போகும், அதில் ஒருவேளைக்கு இடமே இல்லை. மாற்றி எழுதியது: “இதை அழுத்தினால் இந்த டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் அழியும். திரும்பக் கிடைக்காது. கணக்கு, போட்டோ எதுவானாலும் பென்டிரைவில் எடுத்து, இன்னொரு மெஷினில் திறந்து பார்த்த பிறகு அழுத்துங்கள்.” அன்று ராத்திரி அத்தியாயம் முழுவதும் ‘லாம்’ தேடினேன். 61 இடம். ஒவ்வொன்றையும் நிறுத்தி, இது அனுமதியா, சந்தேகமா, நிச்சயமா என்று கேட்டேன். சந்தேகம் என்று நின்றது ஒன்பதே ஒன்பது.

பிறகு மேலே சொன்ன வாக்கியம். அக்கா படித்த விதத்தை அப்படியே சொல்கிறேன். “பட்டியலில் இருப்பின்... இயக்கி... நிறுவப்பட வேண்டும்” என்று நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டு, மெஷினை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தார். எதற்கு என்று கேட்டேன். “இயக்கி நிறுவோணும்னு போட்டிருக்குதுங்களே, ஓட வெச்சுப் போட்டு அப்புறம் போடச் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

இயக்கி என்பது டிரைவருக்கு நாம் வைத்த பெயர்ச்சொல். ஆனால் படிக்கிறவர் காதில் அது ‘இயக்கு’ என்பதன் எச்சம்: இயக்கி விட்டு, இயக்கிப் பார்த்து. இலக்கணப்படி அவர் படித்ததும் சரி. வாக்கியத்தின் நடுவில் எச்சம் மாதிரியே வந்து நிற்கிற பெயர்ச்சொல்லை, அதுவும் வினைக்குப் பக்கத்தில், நான் வைத்திருக்கக் கூடாது. நிலைபொருள், அதாவது சிப்புக்குள்ளேயே ஓடும் சின்ன மென்பொருள், என்றதற்கு அவர் முகத்தில் ஒன்றும் தோன்றவில்லை. ஃபர்ம்வேர் என்று சொன்னாலும் தெரியாது, ஆனால் திரையில் வரும் செய்தியில் அந்தச் சொல்தான் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘ஏற்றப்பட வேண்டும்’. யார் ஏற்றுவது? ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை ஓரளவு நடமாடும். தமிழில் ‘படும்’ போட்டால் ஆள் காணாமல் போகிறார். இன்ஸ்டாலர் ஏற்றுமா, நான் ஏற்ற வேண்டுமா, கடைக்காரரைக் கூப்பிட வேண்டுமா? நம்மிடம் ‘கொள்’ என்று அழகான துணைவினை இருக்கிறது. “இன்ஸ்டாலர் தானே ஏற்றிக்கொள்ளும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்” என்றால் முடிந்தது. அது முடியாத இடத்தில் “நீங்கள் ஏற்ற வேண்டும்” என்று நேராகச் சொல்லிவிடலாம். அத்தியாயத்தில் ‘படு’ வந்த வாக்கியம் எல்லாவற்றுக்கும் ஒரு ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். சில இடங்களில் எனக்கே ஆள் தெரியவில்லை. அங்கேயெல்லாம் மெஷினில் செய்து பார்த்த பிறகுதான் எழுத முடிந்தது.

கடைசியாக ஒன்று. “இந்தச் சிப் உள்ள அட்டைகள் வேலை செய்ய வேண்டும்” என்று ஒரு வரி. அக்கா மெல்லச் சொன்னார்: “இது சாமிகிட்ட வேண்டிக்கற மாதிரி இருக்குதுங் தம்பி.” ஆங்கிலத்தின் ‘ஷுட்’ என்ற சொல்லை நான் ‘வேண்டும்’ ஆக்கியிருந்தேன். அந்த ஒரு சொல்லால் ஆங்கிலக்காரர்களுக்கே குழப்பம் இருந்ததால்தான் 1997-இல் ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தரநிலைக் குறிப்பில் மஸ்ட், ஷுட், மே மூன்றுக்கும் தரநிலை ஆவணங்களுக்காக அர்த்தம் வரையறுத்தார்கள். இந்தக் கையேட்டு வரியில் அது வெறும் ஊகம். ஊகத்தை ‘வேண்டும்’ என்று எழுதினால் தமிழில் கட்டளை ஆகும், இல்லையென்றால் வேண்டுதல் ஆகும். “ஓடும் என்று நினைக்கிறோம், ஓட்டிப் பார்க்கவில்லை” என்று மாற்றினேன். எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனால் அதுதான் உண்மை.

வைஃபை குச்சிக்கு வருகிறேன். ஆபீசில் ஏற்கெனவே இருந்த குச்சி அதே மெஷினில் போட்டதும் ஓடியது. கோவை காந்திபுரத்தில் புதிதாக வாங்கியது ஓடவில்லை. இரண்டு பெட்டியிலும் ஒரே பெயர், ஒரே படம். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்று அடித்துப் பார்த்தால் பழையதில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப், புதியதில் ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூஎஸ். பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 என்று மட்டும் வித்தியாசம். இரண்டுக்கும் கர்னலில் டிரைவர் இருக்கிறது, இரண்டுக்கும் ஃபர்ம்வேர் வேண்டும். பழைய சிப்பின் ஃபர்ம்வேருக்கு மூல நிரலே வெளியாகியிருப்பதால் அது டெபியனின் கட்டற்ற மென்பொருள் பகுதியில் கூடவே வருகிறது. புதியதன் ஃபர்ம்வேர் அப்படி இல்லை. டெபியன் 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அப்படிப்பட்ட ஃபர்ம்வேரையும் இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டது. நாங்கள் போடும் விநியோகம் சேர்க்கவில்லை. ஆகவே ‘ஆதரவு உண்டு’ என்று பட்டியல் சொன்னது பொய்யில்லை, இணைப்பு வராததும் பொய்யில்லை.

என் முதல் திருத்தம் இந்த இடத்தில் தோற்றது. முழு ஆதரவு, பகுதி ஆதரவு, சோதனை நிலை ஆதரவு, ஆதரவு இல்லை என்று நான்கு படி வைத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி, இரண்டு நாள் கழித்து அக்காவிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “பகுதின்னா எந்தப் பகுதிங்?” நான்கு பெட்டியிலும் திரும்ப அதே சொல்லைத்தான் அடைத்து வைத்திருந்தேன்.

அன்று கிளம்பும்போது தறிக்கூடத்தின் மெயின் போர்டு கண்ணில் பட்டது. சிவப்பு, மஞ்சள், நீலம், மூன்று விளக்கு. நீலம் எரியவில்லை என்றால் அங்கே வேலை செய்கிற யாரும் மின்சாரத்தின் ‘நிலை’ பற்றிப் பேசுவதில்லை. “ரண்டு பேஸ்தான் வருது, மோட்டாரப் போடாதீங்க” என்பார்கள். என்ன தெரிகிறது, என்ன செய்ய வேண்டும், இரண்டும் ஒரே மூச்சில். அத்தியாயம் முழுவதையும் அந்த மாதிரிக்கு மாற்றினேன். வைஃபை பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

“பெட்டியின் பெயரைப் பார்க்காதீர்கள், ஒரே பெயரில் வேறு வேறு சிப் வரும். குச்சியை மாட்டி, டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று அடியுங்கள். உங்கள் குச்சியின் வரியில் நான்கு எழுத்து, ஒரு கோலன், மறுபடி நான்கு எழுத்து இருக்கும். அதை எழுதிக்கொண்டு கீழே தேடுங்கள். ‘மாட்டினால் ஓடும்’ என்றிருந்தால் வேலை முடிந்தது. ‘ஃபர்ம்வேர் வேண்டும்’ என்றிருந்தால் அந்தக் கோப்பை நீங்கள்தான் போட வேண்டும், அதற்கு ஒருமுறை இணையம் தேவை: ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ‘ஓடாது’ என்றிருந்தால் நேரத்தை வீணாக்காமல் வேறு குச்சி வாங்குங்கள்.”

போன் டெதரிங் விஷயம் ஆங்கில மூலத்தில் இல்லை. லேன் ஒயர் மாட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தது. தறிக்கூடத்து ஆபீசில் லேன் ஒயர் எங்கே இருக்கிறது? போன் எல்லார் கையிலும் இருக்கிறது, தனி ஃபர்ம்வேர் எதுவும் கேட்காமல் லினக்ஸ் அதை எடுத்துக்கொள்கிறது. மூலத்திலும் சேர்க்கச் சொல்லி எழுதினேன், சேர்த்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் எந்தக் கர்னலில், எந்த மாதம் ஓட்டிப் பார்த்தது என்று போட்டேன். இதில் பிடிவாதமாகவே இருந்தேன். மேலே சொன்ன ரியல்டெக் சிப்புக்கே, கர்னலின் ஸ்டேஜிங் பகுதியில், அதாவது இன்னும் பக்குவப்படாத டிரைவர்களை வைக்கும் இடத்தில், இருந்த பழைய டிரைவரை 2023-இல் எடுத்துவிட்டு ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ என்ற வேறொரு டிரைவருக்கு மாற்றினார்கள். தேதி இல்லாத வரி எந்தக் காலத்தைப் பேசுகிறது என்று தெரியாது. 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் புது ஓஎஸ் பற்றி முதன்முதலில் அறிவித்தபோது, ஏடி ஹார்ட்டிஸ்க் தவிர வேறெதையும் இது எடுத்துக்கொள்ளாமலே போகலாம், ஏனென்றால் தன்னிடம் இருப்பது அதுதான் என்று எழுதினார். ஹார்ட்வேர் பற்றிய வரி என்றால் எனக்கு அதுதான் அளவுகோல். என்னிடம் இருந்தது இது, இதில் பார்த்தேன் என்று தெரிகிறது. லினக்ஸ் போன்ற இன்னொரு ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. டிரைவர்களின் மேன் பக்கத்தில், அதாவது கூடவே வரும் உதவிப் பக்கத்தில், ஹார்ட்வேர் என்ற பகுதி இருக்கும், வெளியீட்டுக்கான ஹார்ட்வேர் குறிப்பை அந்தப் பகுதிகளிலிருந்தே தொகுக்கிறார்கள். டிரைவரைத் தொடுகிறவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வரி இருக்கிறது. நம்மிடம் வரி ஒரு இடத்தில், டிரைவர் ஒரு இடத்தில்.

இரண்டாவது ஆளாக என் தங்கச்சி மகனிடம் கொடுத்தேன். பொள்ளாச்சியில் டிப்ளமோ படிக்கிறான், லேப்டாப்பை வைத்துக்கொண்டு போனில் பேசியபடியே செய்தான். அவனுக்கு டிரைவரும் ஃபர்ம்வேரும் தெரியும், அதனால் விளக்கத்தைத் தாண்டி நேராக எண்ணுக்குப் போனான். “மாமா, பூஜ்யம் பியா, ஓ பியா? கேக்க மாட்டீங்குது.” ரியல்டெக் குச்சியின் எண் சுழியம் பி டி ஏ, கோலன், 8179. இந்த எண்களில் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும்தான் வரும், ஆங்கில ஓ வரவே வராது, வட்டமாக இருந்தால் சுழியம் என்று ஒரு வரி சேர்த்தேன். அக்காவிடம் மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

திருத்தங்களை அனுப்பியபோது மொழிபெயர்ப்புக் குழுவில் பெரிய வாக்குவாதம். டிரைவர் என்று எழுதினால் பத்துப் பதினைந்து வருசமாக வளர்த்த கலைச்சொல்லை நாமே கைவிடுவதா என்று மூத்தவர் ஒருவர் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. வன்பொருள், மென்பொருள் இரண்டும் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஏறி ஊன்றிவிட்டன, அவற்றை நான் தொடவில்லை. ஆனால் படிக்கிறவர் மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்கிற அளவுக்கு ஒரு சொல் திசை மாற்றினால், அந்த இடத்தில் அந்தச் சொல் கூடாது. அக்கா படித்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். கடைசியில், முதல் இடத்தில் ‘டிரைவர், அதாவது இயக்கி மென்பொருள்’ என்று ஒருமுறை, பிறகு டிரைவர் மட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். ‘ஆதரவு’ போனதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

வேலையில் ஒரு இடைஞ்சல் இருக்கிறது. ஆங்கில வாக்கியமும் அதன் தமிழும் ஜோடியாக இருக்கும் பிஓ கோப்பில் ஆங்கில வாக்கியம் மாறினால் தமிழ் வரி ஃபஸி, அதாவது சந்தேகத்துக்குரியது, என்று குறிக்கப்பட்டு, யாராவது பார்த்து ஒத்துக்கொள்ளும் வரை கையேட்டில் ஆங்கிலமே வந்துவிடும். ஒரு ஆங்கில வாக்கியத்துக்கு நான் தமிழில் நான்கு வாக்கியம் எழுதியிருப்பதால், மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் நான்கும் சேர்ந்து விழும். இப்போதைக்கு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறேன்.

பிரிண்டர் வரியை அக்காவையே எழுதச் சொன்னேன். அவர் ஆபீசில் பில் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் பட்டியலில் பெயரே இல்லை, எப்சன் 9-பின் டிரைவரைத் தேர்ந்ததும் அடித்தது. அவர் எழுதித் தந்தது: “உங்க பிரிண்டர் பேரு இல்லைன்னா எப்சன் 9 பின் போட்டுப் பாருங்க. எழுத்து வந்தா அதையே வெச்சுக்கோங்க, கோடு கோடா வந்தா மாத்துங்க.” பேச்சு நடையை மட்டும் எழுத்து நடையாக்கிச் சேர்த்தேன்.

கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட் பற்றிய பத்தி இன்னும் பழையபடியே கிடக்கிறது. “மூன்றாம் தரப்புத் தொகுதிகள் நிராகரிக்கப்படலாம்” என்று லாம், படு இரண்டும் ஒரே சொல்லில். கையெழுத்தில்லாத டிரைவர் ஏறாது என்பது தெரியும். ஆனால் அப்போது திரையில் என்ன வருகிறது, படிக்கிறவர் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை மெஷினில் பார்க்காமல் எழுதப் போவதில்லை. என் கடையில் இருப்பது எல்லாம் செக்யூர் பூட் இல்லாத பழைய பயாஸ் மெஷின். தாராபுரத்திலிருந்து ஒருவர் புது லேப்டாப் சனிக்கிழமை கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார்.